பீட்டுக்கு மூன்று அடி விழும் குத்துத் தாளம்: குவான்டைஸ் செய்ததும் நடை செத்துவிடுகிறது, எங்கே தவறு?

தாளக்கட்டு:

வணக்கம். ப்ராஜெக்ட் 4/4, 130 பி.பி.எம். (நிமிடத்துக்கு 130 பீட்). ஒரு பீட்டுக்கு மூன்று அடி விழும் குத்துத் தாளம். தவில், பறை, ஷேக்கர் மூன்றும் மிடி பேடில் (தட்டினால் நோட்டாகப் பதியும் பலகை) கையால் வாசித்துப் பதிந்தவை, மொத்தம் 16 பார் (ஒரு பாருக்கு 4 பீட்). பதிந்தபடி கேட்டால் நடை இருக்கிறது, ஆனால் அங்கங்கே இடறுகிறது.

கியூபேஸ் மென்பொருளில் எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து 1/16 கிரிட் வைத்து க்யூ (குவான்டைஸ், அதாவது நோட்டுகளைக் கிரிட் கோட்டுக்கு இழுப்பது) அழுத்தினால் மொத்தமும் வேறு தாளம் ஆகிவிடுகிறது. ஐ.க்யூ. (கோடு வரை போகாமல் பகுதி தூரம் இழுக்கும் குவான்டைஸ்) போட்டு 60 சதவீதம் மட்டும் இழுத்தால் அதைவிடக் கேவலமாக இருக்கிறது. குடிகாரன் நடை மாதிரி.

இன்னும் இரண்டு சிக்கல்:

1. புல்லாங்குழல் டிராக்கில் பிட்ச் பெண்டால் (ஸ்வரத்தை வளைக்கும் மிடி செய்தி) கமகம் போட்டிருக்கிறது. குவான்டைஸ் செய்த பிறகு ஸ்வரமே சறுக்கிக்கொண்டு ஆரம்பிக்கிறது.
2. ஸ்ட்ரிங்ஸ் நோட்டுகள் கிரிட் கோட்டிலேயே உட்கார்ந்திருந்தும் காதுக்குப் பிந்தித்தான் வருகின்றன.

மிடிவாசகர்:

முதல் தவறு கிரிட். கணக்குப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

கியூபேஸ் வழக்கமாக ஒரு கால் நோட்டை, அதாவது இங்கே ஒரு பீட்டை, 480 டிக் என்ற சிறு அலகுகளாகக் காட்டும். பீட்டை மூன்றாகப் பிரித்தால் அடிகள் 0, 160, 320-இல் விழ வேண்டும். 1/16 கிரிட்டின் கோடுகளோ 0, 120, 240, 360. 160-இல் இருக்கும் இரண்டாவது அடிக்குப் பக்கத்துக் கோடு 120, அதனால் 40 டிக் முன்னால் போகிறது. 320-இல் இருக்கும் மூன்றாவது அடிக்குப் பக்கத்துக் கோடு 360, அது 40 டிக் பின்னால் போகிறது. 130 பி.பி.எம்.-இல் ஒரு பீட் 461.5 மில்லிசெகண்ட், ஒரு டிக் ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். ஆக, ஓர் அடி 38 மில்லிசெகண்ட் முந்துகிறது, இன்னொன்று அதே அளவு பிந்துகிறது. அதனால்தான் வேறு தாளம் கேட்கிறது.

60 சதவீதம் ஏன் அதைவிட மோசம் என்றால், தவறான கோட்டை நோக்கிப் பாதி தூரம் மட்டும் இழுத்திருக்கிறீர்கள். 160-இல் இருந்தது 136-க்கும், 320-இல் இருந்தது 344-க்கும் வந்து நிற்கும். அந்த இடங்கள் மூன்றின் கணக்கிலும் சேராது, நான்கின் கணக்கிலும் சேராது. ஸ்ட்ரெங்தைக் குறைத்தால் தவறு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். கிரிட் தப்பாக இருக்கும்போது அது பொருந்தாது.

செய்ய வேண்டியது: முதலில் ரீசெட் குவான்டைஸ் கொடுத்து நோட்டுகளைப் பதிந்த இடத்துக்கே கொண்டுவாருங்கள். பிறகு குவான்டைஸ் அளவை 1/8 டிரிப்லெட் (பீட்டை மூன்றாகப் பிரிக்கும் கிரிட்) ஆக்குங்கள். அல்லது புதிதாகப் பதிவதென்றால் ப்ராஜெக்டை 6/8 ஆக மாற்றி டெம்போவை 195 வைத்தால் சாதாரண 1/8 கிரிட்டே போதும். மென்பொருள் டெம்போவைக் கால் நோட்டில்தான் எண்ணுகிறது. புள்ளி வைத்த கால் நோட் 130 என்றால் கால் நோட் 195. ஆனால் இப்போதே க்யூ அழுத்திவிடாதீர்கள். லிஸ்ட் எடிட்டரைத் திறந்து தவிலின் முதல் எட்டு பாரில் மூன்று அடிகளும் எந்த டிக்கில் விழுந்திருக்கின்றன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

தாளக்கட்டு:

பார்த்தேன். முதல் அடி எப்போதும் கோட்டுக்கு முன்னால்தான்: 14 முதல் 6 டிக் வரை முந்தி, சராசரி 10. இரண்டாவது அடி 146-இலிருந்து 156 வரை, சராசரி 151. மூன்றாவது அடி 318-இலிருந்து 334 வரை, சராசரி 326. நான்கைந்து அடிகள் மட்டும் இந்த எல்லைக்கு வெளியே 25, 30 டிக் தள்ளி விழுந்திருக்கின்றன.

மிடிவாசகர்:

இந்த எண்களிலேயே பதில் இருக்கிறது.

முதல் அடி ஒரு தடவைகூடக் கோட்டைத் தாண்டவில்லை, எல்லாமே ஒரே பக்கம். கை தடுமாறினால் இரண்டு பக்கமும் சிதறும். ஒரே பக்கம் சாய்ந்தால் அது பெரும்பாலும் லேட்டன்சி. பேடைத் தட்டியதும் சத்தம் பிந்திக் கேட்கிறது, கை தானாகவே முந்தித் தட்டி ஈடுகட்டுகிறது. பஃபர் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 512 வைத்து 48 கிலோஹெர்ட்ஸில் ஓடினால் அந்த பஃபர் மட்டுமே 10.7 மில்லிசெகண்ட். உங்கள் சராசரி 10 டிக்கோடு அது ஒத்துப்போகிறது. அடுத்த முறை பதியும்போது 128 வையுங்கள், 2.7 ஆகிவிடும். மிக்ஸிங்குக்குப் போகும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

பதிந்ததைச் சரிசெய்ய குவான்டைஸ் வேண்டாம். எல்லா நோட்டையும் தேர்ந்தெடுத்து மொத்தமாக 10 டிக் பின்னால் தள்ளுங்கள். இப்போது சராசரி 0, 161, 336. முதல் இரண்டும் கோட்டிலேயே இருக்கின்றன. மூன்றாவது மட்டும் 320-க்குப் பதில் 336, அதாவது 15 மில்லிசெகண்ட் பிந்தி, ஏறக்குறைய எல்லா பாரிலும் அப்படியே. அது பிழை கிடையாது. உங்கள் நடை அந்த 16 டிக்கில்தான் இருக்கிறது. டிரிப்லெட் கிரிட்டில் நூறு சதவீதம் இழுத்தால் முதலில் போவது அதுதான்.

வலந்தலை:

மிடிவாசகர் சொன்னது முழுக்கச் சரி. ஒன்று சேர்க்கிறேன்: தவிலில் முக்கிய அடிக்குச் சற்று முன்னால் மெல்லிய அடி ஒன்று ஒட்டிக்கொண்டு வருமே, அதை எந்த நோட்டில் வைத்திருக்கிறீர்கள்? அதே நோட்டிலேயே இருந்தால் குவான்டைஸ் இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுபோய் அடுக்கிவிடும். டிரிப்லெட் கோடுகளுக்கு நடுவே 160 டிக் இருக்கிறது. கோட்டுக்கு 80 டிக்குக்குள் எது விழுந்தாலும் அந்தக் கோட்டுக்கே போகும். ஒட்டு அடி வழக்கமாக 25, 40 டிக் முன்னால்தான் இருக்கும், தப்பவே தப்பாது.

அப்படி அடுக்கினால் இரண்டு கெடுதல். ஒரே சாம்பிள் (பதிந்துவைத்த ஒலி) இரண்டு தடவை ஒரே நொடியில் ஒலித்து, அந்த அடி மட்டும் சுத்தியலால் அடித்த மாதிரி துருத்தும். பிறகு "டிலீட் டபுள்ஸ்" கொடுத்தால் ஒட்டு அடியே அழிந்துவிடும். எது அழிந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இதற்கு வழி:

– ஒட்டு அடிகளின் வெலாசிட்டி (அடியின் பலம்) எப்போதும் குறைவு. கியூபேஸின் லாஜிக்கல் எடிட்டரில் வெலாசிட்டி 50-க்குக் கீழ் என்று நிபந்தனை வைத்து அவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து வேறு நோட்டுக்கோ வேறு டிராக்குக்கோ மாற்றிவிடுங்கள். ஏபிள்டன் லைவ் 12-இல் வெலாசிட்டியை வைத்து நோட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி பியானோ ரோலிலேயே இருக்கிறது. லாஜிக் ப்ரோ மென்பொருளில் டிரான்ஸ்ஃபார்ம் சாளரம்.

– மாற்ற மனமில்லை என்றால் குவான்டைஸ் பேனலில் கேட்ச் ரேஞ்சைக் குறுக்குங்கள். கோட்டுக்கு அருகில் உள்ளவை மட்டும் இழுபடும், தள்ளி இருக்கும் ஒட்டு அடி தொடப்படாது.

– முக்கிய அடி 10 டிக்குக்கு மேல் நகர்ந்தால் அதன் ஒட்டு அடியையும் சேர்த்துப் பிடித்து கையால் அதே அளவு நகர்த்துங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த அடியின் சுவை. அது ஓர் அடிக்கு 30, இன்னொன்றுக்கு 18 என்று மாறினால் கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும்.

தாளக்கட்டு:

நன்றி சார். 10 டிக் தள்ளியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஒட்டு அடிகளைத் தனி டிராக்கில் போட்டாயிற்று. இப்போது அந்த 16 டிக்கை எப்படிக் காப்பாற்றுவது?

மிடிவாசகர்:

குரூவ் செய்துகொள்ளுங்கள். இருக்கும் 16 பாரில் மிக நன்றாக விழுந்த ஒரு பாரைத் தேர்ந்தெடுத்துத் தனியாக வெட்டுங்கள். அந்த மிடி பார்ட்டை குவான்டைஸ் பேனலின் நடுவில் இருக்கும் கிரிட் படத்தின்மேல் இழுத்துப் போடுங்கள். அதுவே இனி உங்கள் கிரிட்; பெயர் கொடுத்துச் சேமியுங்கள். லாஜிக்கில் குவான்டைஸ் மெனுவின் அடியில் "மேக் குரூவ் டெம்ப்ளேட்" இருக்கிறது. ஏபிள்டனில் கிளிப்மேல் வலது கிளிக், "எக்ஸ்ட்ராக்ட் குரூவ்". அது குரூவ் பூலில் வந்து உட்காரும்.

இப்போது எல்லையைத் தாண்டிய அந்த நான்கைந்து அடிகளை மட்டும் உள்ளே இழுக்க வேண்டும். சேஃப் ரேஞ்ச் 8 டிக் வையுங்கள்: குரூவ் கோட்டிலிருந்து 8 டிக்குக்குள் இருப்பவை அசையாது. வெளியே இருப்பவற்றுக்கு ஐ.க்யூ. 50 சதவீதம்.

ஐ.க்யூ.வில் ஒன்று கவனிக்க வேண்டும். சாதாரண குவான்டைஸ் ஒவ்வொரு தடவையும் பதிந்த இடத்திலிருந்து கணக்கிடும். எத்தனை தடவை அழுத்தினாலும் முடிவு ஒன்றுதான். ஐ.க்யூ. இப்போது இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும். 60 சதவீதம் வைத்து மூன்று தடவை அழுத்தினால் 60, 84, 93.6 என்று ஏறிவிடும். "60தானே வைத்தேன், ஏன் இயந்திரம் மாதிரி இருக்கிறது" என்று வரும் கேள்விகளில் பாதி இதனால்தான். ஒரு தடவை அழுத்துங்கள், கேளுங்கள், வேண்டுமானால் மட்டும் இன்னொரு தடவை.

வெலாசிட்டியையும் பாருங்கள். பேடில் பதிந்தது எல்லாம் 120-க்கு மேலேயே நின்றால் நேரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் தட்டையாகத்தான் கேட்கும். முதல் அடி 110, இரண்டாவது 60 பக்கம், மூன்றாவது 95 பக்கம் என்று ஆரம்பித்துக் காதால் திருத்துங்கள்.

பதிவறை:

ஷேக்கருக்கும் இதே குரூவைப் போடுவதா என்பதில் எனக்கு வேறு கருத்து. ஷேக்கரை டிரிப்லெட் கோட்டிலேயே நேராக வைத்து, தவில் மட்டும் 16 டிக் பிந்தினால்தான் அந்தப் பிந்தல் காதில் விழும். எல்லாமே சேர்ந்து பிந்தினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

வலந்தலை:

பறைக்கு அது ஒத்துவராது. தவிலும் பறையும் இரண்டுமே கூர்மையான சத்தம். 15 மில்லிசெகண்ட் விலகினால் மூன்றாவது அடி தடித்து, இரண்டு பேர் சேராமல் அடித்தது போல் இருக்கும். தவிலுக்கும் பறைக்கும் ஒரே குரூவ் வையுங்கள். ஷேக்கரைப் பதிவறை சொன்னபடி நேராக வைத்துப் பார்க்கலாம், ஆனால் முதலில் அதன் சாம்பிளைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஷேக்கர் சத்தம் மெல்ல எழுந்து உச்சத்துக்கு வரும். உச்சம் சாம்பிளின் தொடக்கத்திலிருந்து 20, 30 மில்லிசெகண்ட் தள்ளி இருப்பது சகஜம். அப்படி இருந்தால் நோட் 320-இல் இருந்தாலும் காதுக்கு அது 340-க்கும் அப்பால்தான் கேட்கும். கோட்டில் வைத்தும் பிந்துகிறதே என்று தலையைச் சொறிய வேண்டாம். அந்த டிராக்கை முன்னால் இழுத்தால் போதும்.

பதிவறை:

ஒத்துக்கொள்கிறேன், சாம்பிளைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். ஸ்ட்ரிங்ஸ் பிந்துவதற்கும் காரணம் அதேதான், அதை நானே சொல்கிறேன்.

வயலின் லைப்ரரியில் லெகாட்டோ பேட்ச் (ஸ்வரங்களை இணைத்து வாசிக்கும் ஒலித் தொகுப்பு) ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் அசைவையே பதிந்து வைத்திருக்கும். நோட் தொடங்கிய பிறகுதான் அசைவு ஆரம்பிக்கும், அது முடிந்துதான் புது ஸ்வரம் நிற்கும். லைப்ரரியைப் பொறுத்து 60-இலிருந்து 250 மில்லிசெகண்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். இதைக் குவான்டைஸால் சரிசெய்யவே முடியாது.

நோட்டுகளைக் கோட்டிலேயே விட்டுவிட்டு டிராக் டிலேயில் மைனஸ் எண் கொடுங்கள். கியூபேஸில் இன்ஸ்பெக்டரில் இருக்கிறது. ஏபிள்டனில் மிக்ஸரில் டிராக் டிலே பகுதியைத் திறக்க வேண்டும். ரீப்பரில் டிராக்கின் பிளேபேக் ஆஃப்செட். எண்ணைக் கண்டுபிடிக்க: கிளிக்கோடு சேர்த்து நான்கு பார் லெகாட்டோவை ஆடியோவாக எடுத்து, புது ஸ்வரம் நிலைபெறும் இடம் கோட்டிலிருந்து எத்தனை மில்லிசெகண்ட் தள்ளி இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஸ்டக்காட்டோவும் (வெட்டி வெட்டி வாசிப்பது) லெகாட்டோவும் ஒரே டிராக்கில் இருந்தால் ஒரே எண் இரண்டுக்கும் பொருந்தாது. தனித்தனி டிராக்காகப் பிரித்துவிடுங்கள்.

அதே டிராக்கில் கீ-ஸ்விட்ச் நோட்டுகள் (ஒலிக்காமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றுபவை) இருந்தால் அவற்றைக் குவான்டைஸ் செய்யவே கூடாது. ஸ்விட்ச் நோட், வாசிக்கும் நோட்டுக்கு முன்னால் வந்தாக வேண்டும். இரண்டும் ஒரே டிக்கில் விழுந்தால் எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. சில தடவை முதல் ஸ்வரம் மட்டும் பழைய வாசிப்பு முறையிலேயே வரும். எல்லா ஸ்விட்சையும் 20 டிக் முன்னால் வைத்துவிடுங்கள்.

நடைபேதம்:

புல்லாங்குழல் விஷயத்துக்கு வருகிறேன். பிட்ச் பெண்ட், நோட்டோடு ஒட்டிய பொருளல்ல. அதே சேனலில் தனியாக ஓடும் செய்திகள். நோட்டைக் குவான்டைஸ் 20 டிக் முன்னால் இழுத்தால் பெண்ட் பழைய இடத்திலேயே நிற்கும். முந்தைய கமகத்தின் வால் இன்னும் நடுவுக்கு, அதாவது 8192-க்குத் திரும்பியிருக்காது. அதற்குள் புது ஸ்வரம் தொடங்கிவிடுகிறது. நீங்கள் கேட்கும் சறுக்கல் இதுதான்.

கியூபேஸின் குவான்டைஸ் பேனலில் கன்ட்ரோலர்களையும் நோட்டோடு நகர்த்த ஒரு தேர்வு உண்டு. தனித்தனி ஸ்வரங்களுக்கு அது போதும். ஆனால் இரண்டு ஸ்வரங்களை இணைக்கும் ஜாரு இருக்கிறதே, அங்கே முதல் நோட் வலப்பக்கமும் அடுத்த நோட் இடப்பக்கமும் நகர்ந்தால் நடுவில் இருக்கும் பெண்ட் நசுங்கிப்போகும். ஆகவே கமகம் உள்ள எந்த டிராக்கையும் நோட் நோட்டாகக் குவான்டைஸ் செய்யாமல் இருப்பதே நல்லது. மூச்சு விடும் இடங்களில் பார்ட்டைக் கத்தரியுங்கள். ஒவ்வொரு சொற்கட்டையும் முழுசாகப் பிடித்து, அதன் கனமான ஸ்வரம், பெரும்பாலும் சமத்தில் வந்து நிற்கும் ஸ்வரம், கோட்டில் விழும்படி நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் மற்ற ஸ்வரங்களைத் தொடாதீர்கள். கத்தரிக்கும்போது வெட்டின் இடத்தில் பெண்ட் 8192-இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

பேட்ச் மாற்றினால் பெண்ட் அளவையும் சரிபாருங்கள். வழக்கமான ±2 அரைஸ்வர அமைப்பில் ஓர் அரைஸ்வரம் 4096 படி. புது பேட்ச் ±12 வைத்திருந்தால் ஓர் அரைஸ்வரத்துக்கு சுமார் 683 படிதான். பழைய கமகம் ஆறு மடங்கு பெரிதாக ஊளையிடும்.

எம்.பி.இ. கன்ட்ரோலரில் வாசித்தால் ஒவ்வொரு நோட்டும் தனிச் சேனலில் போகும். ஏபிள்டன் லைவ் 11-இலிருந்து அந்தப் பெண்ட் நோட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுவதால் நோட் நகர்ந்தால் அதுவும் சேர்ந்தே நகரும்.

சந்தக்காரி:

இதே இழையில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மிஸ்ர நடை, பீட்டுக்கு ஏழு. 80 பி.பி.எம். ஏபிள்டன் கிரிட் மெனுவில் ஏழு கிடைக்கவில்லை. எஃப்.எல். ஸ்டூடியோவில் கையால் வைத்தால் அடிகள் சமமாக விழவில்லை.

நடைபேதம்:

எஃப்.எல். சிக்கல் டிக்கால் வருவது. அதன் வழக்கமான அளவு கால் நோட்டுக்கு 96 டிக். 96-ஐ 7-ஆல் வகுத்தால் 13.71; முழு எண்ணாக வைக்க வேண்டியிருப்பதால் அடிகள் 14, 27, 41, 55, 69, 82-இல் விழும். இடைவெளி 14, 13, 14, 14, 14, 13, 14. 80 பி.பி.எம்.-இல் ஒரு டிக் 7.8 மில்லிசெகண்ட், ஆகவே பக்கத்துப் பக்கத்து இடைவெளிகள் அந்த அளவு மாறும். ப்ராஜெக்ட் அமைப்பில் டைம்பேஸை 960 ஆக்குங்கள். அப்போதும் 7-ஆல் மீதமின்றி வகுபடாதுதான், ஆனால் பிழை அரை மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். கண்ட நடைக்கும் 96 சரிவராது, 960 சரியாக வகுபடும்: அடிக்கு 192 டிக்.

ஏபிள்டனில் டெம்போவை மாற்றிவிடுங்கள், அம்மா. 80-ஐ 7-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 140. டெம்போ 140, தாளக் குறி 7/16. இப்போது ஒரு பார் ஒரு தாளத் தட்டு. உள்ளே இருக்கும் ஏழு அட்சரமும் சாதாரண 1/16 கோடுகள். ஒரு 1/16 107.14 மில்லிசெகண்ட், ஏழு சேர்ந்தால் 750, அதாவது 80-இன் ஒரு பீட். குவான்டைஸ் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும். கண்ட நடை என்றால் 100 பி.பி.எம்., 5/16. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் எட்டு பார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே குறை, டெம்போவோடு ஒட்டி ஓடும் டிலே எஃபெக்ட்டுகள் 140-இன் கணக்கில் ஓடும். அவற்றை மில்லிசெகண்டில் மாற்றிவிடுங்கள்.

ரீப்பரில் இந்தச் சுற்று தேவையில்லை. கிரிட் பெட்டியில் 1/28 என்று தட்டச்சினால் கால் நோட்டுக்கு ஏழு கோடு வரும், 1/20 என்றால் ஐந்து. கியூபேஸில் குவான்டைஸ் பேனலின் டியூப்லெட் கட்டத்தில் 7 போடலாம்.

சந்தக்காரி:

7/16 போட்டதும் வந்துவிட்டது. நன்றி ஐயா.

தாளக்கட்டு:

என் பக்கம்: குரூவ், சேஃப் ரேஞ்ச் 8, ஐ.க்யூ. 50 ஒரே ஒரு தடவை. மொத்தத் தவிலிலும் ஐந்து அடிதான் நகர்ந்தது. அதில் ஒன்று 12-ஆவது பாரில் அடுத்த கோட்டை நோக்கி நகர்ந்துவிட்டது. கையால் திருப்பி வைத்தேன். பறையும் அதே குரூவ். ஷேக்கர் சாம்பிளின் உச்சம் 24 மில்லிசெகண்டில் இருந்தது. டிராக் டிலே மைனஸ் 24, டிரிப்லெட் கோட்டில் நேராக. பதிவறை சொன்னது சரி, தவிலின் பிந்தல் இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது. ஸ்ட்ரிங்ஸ் லெகாட்டோ மைனஸ் 110.

கடைசியாக ஒன்று: இதை மிடி ஃபைலாக ஸ்கோர் எழுதுபவருக்கு அனுப்ப வேண்டும். இப்படியே அனுப்பலாமா?

மிடிவாசகர்:

வேண்டாம். ஸ்கோருக்குத் தனி நகல் எடுங்கள். நகலில் குரூவை எடுத்துவிட்டு 1/8 டிரிப்லெட்டில் நூறு சதவீதம் குவான்டைஸ் செய்யுங்கள், நோட் நீளங்களையும் சேர்த்து; இல்லாவிட்டால் தாளில் கட்டுக் கோடும் ஓய்வுக் குறியுமாக நிறைந்துவிடும். ஒட்டு அடி டிராக்கை நகலில் மியூட் செய்யாமல் அழித்தே விடுங்கள், அவர் அதைச் சிறு நோட்டாகத் தானே எழுதிக்கொள்வார். கீ-ஸ்விட்சுகளையும் அழியுங்கள், இல்லையென்றால் வயலின் வரிசையில் எட்டாத கீழ் ஸ்வரங்களாகத் தெரியும். ஏற்றுமதி சாளரத்தில் இன்ஸ்பெக்டர் டிலேயைச் சேர்க்க ஒரு தேர்வு இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். இருந்தால் வயலின் எல்லாம் 110 மில்லிசெகண்ட் முந்தி எழுதப்படும்.

மூல ப்ராஜெக்டில் ஃப்ரீஸ் குவான்டைஸ் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பதிந்த இடங்கள் மறந்துபோகும், பிறகு ரீசெட் வேலை செய்யாது.